பூங்காற்று அடுக்ககத்தின் வெப்பக் கடத்துத்திறன்

பேரன்புடைய பூங்காற்று அடுக்ககவாசிகளுக்கும், தாம்பரம் வட்டாரத்தை ஆண்டுதோறும் வறுத்தெடுக்கும் சூரிய பகவானுக்கும் இதன்மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று ஞாயிற்றுக்கிழமை, இரும்புலியூர் வரலாற்றில் முதன்முறையாக, வெப்பம் என்னும் அரக்கன் நமது கார் நிறுத்துமிடத்தில் விஞ்ஞான முறைப்படி வதம் செய்யப்படுவான். சமோசா உண்டு.

சங்கத் தலைவர் துளசிங்கம் இதை மைக்கில் இரண்டு முறை வாசித்தார். அழைக்கப்பட்டவர்களில் சூரிய பகவான் மட்டும் வரவில்லை. அவருக்கு நான்காவது மாடியில், தாவீதின் வீட்டில் வேலை இருந்தது.

தாவீது பள்ளிக்கூட இயற்பியல் ஆசிரியர். மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கிற பாவத்துக்கு, மாசி போனால் அவர் வீட்டு மின்விசிறி காற்றுக்குப் பதில் வெந்நீர் ஊற்றும். போன கோடையில் மனைவி காந்திமதி, "வெயில் போனதும் சொல்லுங்க, வரேன்" என்று நாவலூரில் தங்கை வீட்டு ஏ.சி.க்குக் குடிபெயர்ந்தாள்; மழை பிடித்த பிறகுதான் திரும்பினாள். இந்த வருஷமாவது மாடியில் சூட்டுக்கு ஒழுங்கான தடுப்பு போட்டுவிட வேண்டும் என்பதே தாவீதின் ஒரே பிரார்த்தனை. அதை நிறைவேற்ற முன்வந்தவன் மோகன்ராஜ். தலைவரின் அக்கா மகன், ஜி.எஸ்.டி. ரோட்டில் கட்டடச் சாமான் வியாபாரம். தாவீதோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. வீடு மட்டும் கீழ்த்தளம்.

போன மாதம் ஒருநாள் வஞ்சிர மீனும் கையுமாக வந்து அவன் கேட்டது ஒரு சின்ன உதவிதான்.

"மச்சான், மாடிக்குப் போடற அட்டைக்கு சூடு கடத்தற நம்பர்னு ஒண்ணு கீது. பாயிண்ட் ரெண்டு ஆறு. வாட் கணக்காம். கம்பெனில அத அமெரிக்கா கணக்குல கேக்கறாங்க, பி.டி.யு.வாமே? உன்ன வுட்டா எனக்கு யார்டா கீறாங்க?"

தாவீதுக்கு உள்ளம் குளிர்ந்தது. அந்த வீட்டில் எதுவும் குளிர்வது அபூர்வம். கடத்துத்திறன் என்றால் என்ன, அந்த எண் குறையக் குறைய ஏன் சூடு குறைவாக இறங்கும், அமெரிக்காக்காரன் இன்னும் அடியையும் பாரன்ஹீட்டையும் கட்டிக்கொண்டு அழுவது ஏன் என்று விலாவாரியாகப் பாடம் எடுத்தார். பிறகு ஒன்று புள்ளி ஏழு மூன்றால் வகுத்து, சரிபார்த்து, 0.15 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவர் பேச்சை மோகன்ராஜ் கடைசிவரை கேட்டது இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

இப்போது கார் நிறுத்துமிடத்தில் துளசிங்கம் பேனரை மூடியிருந்த துணியை விலக்கினார். ஃப்ளெக்ஸில் வரைபடமாக இரண்டு கம்பங்கள். சிவப்பு, உயரம்: 'சாதா அட்டை, 0.26'. நீலம், குட்டை: 'அமெரிக்கன் டெக்னாலஜி அட்டை, 0.15'. பக்கத்தில், 'சூடு 42 சதவீதம் அவுட்!' அடியில் கொட்டை எழுத்தில்: 'கணக்கு: திரு. தாவீது, எம்.எஸ்சி., எம்.ஃபில்.'

பட்டங்களில் எழுத்துப்பிழை இல்லையே என்று தாவீது முதலில் பூரித்துத்தான் போனார். அப்புறம்தான் எண்களைப் பார்த்தார். இரண்டுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டிய வாட், பி.டி.யு. என்கிற அலகைக் காணோம். அதே அட்டைதான். ஒரு தடவை வேட்டியிலும் ஒரு தடவை பேண்டிலும் வந்து நிற்கிறது.

மோகன்ராஜை மோட்டார் ரூம் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"டேய், ரெண்டும் ஒரே அட்டைடா!"

"தெரியும் மச்சான். நீதான சொன்ன."

"அப்புறம் எதுக்குடா ரெண்டு கம்பம்?"

"ரெண்டு நம்பர் கீதே."

"கம்பெனில கேக்கறாங்கன்னு சொன்னியேடா?"

"என் கம்பெனிதான் கேட்டுச்சு." சிரித்தான். "சாதா அட்டைன்னு சொன்னா எவன் வாங்குவான்? எல்லாம் குடோன்ல தூங்கினு கீது. பேஜார் பண்ணாத, வா, சமோசா ஆறிடும்."

வியாபாரி பொய் சொல்வதை தாவீது பெரிதாக எடுத்துக்கொள்கிறவர் அல்ல. அவரைச் சுட்டது, அன்று வாயைப் பிளந்துகொண்டு பாடம் கேட்ட அந்த முகம். பாவம், நட்புக்காகத் தலையாட்டுகிறான் என்று நினைத்திருந்தார். உண்மையாகவே கவனித்திருக்கிறான். தாவீது சொல்லிக் கொடுத்ததை முழுக்கப் புரிந்துகொண்ட ஒரே மாணவன், அதை அவர் கூரை மேலேயே செய்து பார்க்கப் போகிறான்.

போய் மைக்கைப் பிடுங்கினார்.

"ஆறடி ஆளை ஒண்ணு பாயிண்ட் எட்டு மூணு மீட்டர்னு எழுதினா ஆள் குள்ளமாயிடுவானா? அதே கதைதான் இது. ரெண்டும் ஒரே அட்டை!"

கூட்டம் யோசித்தது. இரண்டாம் மாடி அங்காளம்மாள் எழுந்தார்.

"சார், நம்பர் கொறைஞ்சா நல்லதா, ஏறினா நல்லதா?"

"குறைஞ்சாதாம்மா நல்லது. ஆனா..."

"இதுல எது கொறைச்சல்?"

"பாயிண்ட் ஒண்ணு அஞ்சு. ஆனா அது..."

"கணக்கு நீங்க போட்டதுதானே?"

"நான் போட்டதுதான், ஆனா..."

"அப்றம் இன்னா சார்?"

கைதட்டல். மோகன்ராஜ் மைக்கை மெல்ல வாங்கிக்கொண்டு தாவீதின் தோளில் கை போட்டான். குரல் தழுதழுத்தது.

"சார் என் உயிர் ஃப்ரெண்டு. மேல் வூட்டு சூடு தலைக்கு ஏறிடுச்சி, பாவம். இவருக்காகவாவது நாம இந்த அட்டைய போட்டே ஆவணும்!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார் துளசிங்கம். தோளில் கிடந்த கையை உதறத் தோன்றாமல் தாவீது கூட்டத்தில் காந்திமதியைத் தேடினார். அவள் கையும் மேலேதான் இருந்தது. மேடையை விட்டு இறங்கி அவளிடம் போனார்.

"கையை இறக்கு. அவன் என்னை ஏமாத்திட்டான்."

"கணக்கையும் நீங்களே போட்டுக் குடுப்பீங்க, தப்புன்னும் நீங்களே சொல்வீங்க. உங்களை நம்பி இன்னொரு கோடை வேகணுமா? அவராவது ஏதோ செய்யறாரே."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்க மறந்துவிட்டதால், தாவீதின் ஓட்டும் அதில் சேர்ந்துவிட்டது.

சித்திரையில் அட்டை பதித்தார்கள். சூடு குறையவில்லை.