கெட்ட தண்ணீர் கேட்டோம்

1
இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்தக் கதை பிறந்த இடம் அதுதான். மூளை என்று சொன்னால் நம்பாதீர்கள். மதகுருமார்களுக்குத் தண்ணீர் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி, அதுவும் மாடியில். நாற்காலிகளை ஏற்றியவன் நான். பாடம் எடுத்தவள் என் தங்கை, பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள்.

(முதல் வரியாக ‘நீரே உயிரின் ஆதி’ என்று எழுதியிருந்தேன். மூட்டை தூக்கி வளர்ந்தவன் எழுதுகிற வரியா அது? அடித்துவிட்டேன்.)

2
அவரவர் வழிபாட்டு இடத்துக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். தண்ணீர் கெட்டிருந்தால் நிறம் மாறும் சோதனைத் தாளை ஒவ்வொன்றிலும் முக்கினாள். ஒன்றுகூட நிறம் மாறவில்லை. குருமார்கள் கைதட்டினார்கள். மூத்தவர் விசிலே அடித்தார்.

தங்கைக்குச் சந்தேகம். “ஐயா, இது எந்தத் தண்ணி?”

ஊரே ‘ஒலிபெருக்கி’ என்று கூப்பிடும் குரு எழுந்தார். “கடையில வாங்கினதும்மா. மூடிகூடத் திறக்காமக் கொண்டுவந்தேன்.”

“கிணத்துத் தண்ணிதானே கேட்டேன்!”

“பாடம் சொல்ல வந்த பொண்ணுக்குக் கெட்ட தண்ணியவா குடுப்பாங்க? மரியாதையா இருக்குமா?”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அத்தனையும் கடைத் தண்ணீர்! சிரித்த சிரிப்பில் எனக்கு

(இங்கே நீளமாக ஒரு வர்ணனை இருந்தது. கிணற்றுக்குப் போவோம்.)

3
ஒலிபெருக்கியின் கிணறு அடுத்த தெருவில்தான். கூட்டமாகப் போனோம். தாளை முக்கியதும் ரோஜா நிறம். (கதைக்காகக் கொஞ்சம் அடர்த்தியாக்க நினைத்தேன். தேவைப்படவில்லை.)

“நைட்ரேட் ஐயா. கழிவு ஊறினா தண்ணியில சேர்ற உப்பு. பக்கத்துல என்ன குழி?”

“கும்பிட வர்றவங்களுக்கு நான் கட்டிக்குடுத்த கழிப்பறை.”

“கைக்குழந்தைங்களுக்குப் பால் பவுடர் இதுலயா கலக்குறாங்க?”

அவர் குரல் முதல்முறையாக இறங்கியது. “என் பேத்திக்கே இதுலதான். கொதிக்க வெச்சுத்தான்...”

“கொதிச்சா கிருமி சாகும். இது போகாது, சுண்டச் சுண்டக் கூடும். பிஞ்சு உடம்பு நீலம் பாரிச்சிடும்.”

அங்கேயே மகளுக்குப் போன் போட்டார். “பாட்டிலைக் கீழ வை! எதுக்குன்னு கேக்காத, கீழ வை!”

பிறகு எங்களிடம் திரும்பினார். “ஊருக்கு என்ன சொல்றது? போன வாரம்தான் இந்தத் தண்ணி நோய் தீர்க்கும்னு மைக்குல முழங்கினேன்.”

“தண்ணியக் கடவுள் குடுத்தாருப்பா, குழிய நீ வெட்டின,” என்றார் மூத்தவர். “நீ மறைச்சா அவரு பேருல்ல கெடும்?”

4
முடிவு ஒன்று: அவர் சொல்லிவிடுகிறார், கூட்டம் கண்ணீரோடு எழுந்து— (வேண்டாம். மேடை நாடகம்.)

முடிவு இரண்டு: மைக் கெட்டுப்போகிறது. (அந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு?)

முடிவு மூன்றை நீங்களே எழுதுங்கள். சாயங்கால வழிபாடு தொடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி, மடியில் குழந்தை, கையில் பால் பாட்டில். அவர் மைக்கைத் தட்டி “ஹலோ, ஹலோ” என்கிறார். ஹலோவிலேயே நிற்கிறார்.

அவளுக்கு அவர் தர வேண்டிய பாக்கி ஒரே வாக்கியம்: இந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்காதே.