தஸ்பீஹில் மிஞ்சிய மணி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் ஒரு குளிர் ஆய்வுக்கூடத்தில் சாலிஹாவுக்குக் கருவிகளைக் குளிர வைக்கத் திரவ ஹீலியம் ஊற்றும் வேலை. பேச்சுத் துணைக்குப் பம்பு சத்தம்தான். வேலை விட்டால் வாடகை அறை, ஒருத்திக்கு மட்டும் வடித்த சோறு, பழவேற்காட்டிலிருந்து அண்ணன் சஹாபுதீனின் போன்.

"ஏழு வருஷம் ஆயிடுச்சு. இன்னும் கமாலையே நெனச்சிக்கினு இருந்தா எப்டிம்மா? நாளானா எல்லாம் அடங்கிடும்."

அடங்குமாம்! சொல்கிறவர்களுக்கு இன்னா, சொல்லிவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள்.

புருஷன் கமால் கவரைப்பேட்டை பக்கம் லாரி மோதி இறந்தபோது, கையிலிருந்த தஸ்பீஹ், அந்த ஜெபமணி மாலை, அறுந்து சிதறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுக் கொடுத்தது ஒரே ஒரு அம்பர் மணி. நாலு கோடி வருஷத்துக்கு முன்னால் மரத்தில் வழிந்த பிசின், மண்ணுக்குள் கிடந்து கிடந்து இறுகியது. பார்க்கக் கல், ஆனால் கண்ணாடி ஜாதி என்பார் ஆய்வுக்கூடத் தலைவர் அன்புசெல்வன்.

அவருக்கு இதே பைத்தியம். கண்ணாடியை எவ்வளவு குளிர வைத்தாலும் உள்ளே சில அணுக்கள் மட்டும் தூக்கம் வராதவர் மாதிரி புரண்டுகொண்டே இருக்குமாம். எவ்வளவு சூட்டை உள்வாங்குகிறது என்று அளந்தால் அது தெரிந்துவிடும். இத்தனை கோடி வருஷம் ஆன கண்ணாடியிலாவது அது அடங்கியிருக்குமா? அளந்து பார்க்க ஆன்லைனில் வாங்கின அம்பர் மூன்றுமே பிளாஸ்டிக். குளிரால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னதால் சாலிஹா பர்சிலிருந்து தன் மணியை எடுத்துக் கொடுத்தாள். அளந்தார்கள்.

மறுவாரம் அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"இத சூடு பண்ணி இளக்கணும்மா. அதோட வயசெல்லாம் அழிஞ்சி புதுக் கண்ணாடியா ஆயிடும். திரும்ப அளந்து ரெண்டையும் ஒப்பிட்டாதான் அடங்கியிருந்துச்சான்னு தெரியும். ஆனா பளபளப்பு போயிடும். வேணாம்னா வுட்டுடலாம்."

அந்தப் பளபளப்பு கமாலின் விரல் தேய்த்துத் தேய்த்து வந்தது. இரண்டு நாள் அவளுக்கு நாஷ்டா இறங்கவில்லை. கொடுக்கவும் மனசு வரவில்லை, அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் தன் கையாலேயே ஓவனில் வைத்தாள்.

வெளியே வந்த மணி மங்கி, ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. அவன் விரல் பட்ட இடம் எதுவென்றே தெரியவில்லை. அதைத் திரும்பக் கருவிக்குள் வைத்து ஹீலியம் ஊற்றினாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் திரையில், பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடும் வந்து உட்கார்ந்தது. மயிரிழை வித்தியாசம் இல்லை.

"அப்ப இத்தினி கோடி வருஷத்துல?" என்றாள்.

"கொஞ்சங்கூட அடங்கலம்மா. மேலுக்குத்தான் இறுகியிருக்கு. அடியில இருக்கறது அப்படியே இருக்கு."

சாலிஹா ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார். "நாளானா எல்லாம்..."

"அடங்காதுண்ணே," என்றாள், மணியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு. "இன்னிக்கு அளந்து பாத்துட்டோம்."

இந்த ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, புத்திமதி எதுவும் சொல்லாமல் அண்ணன் கேட்டார்:

"சாப்ட்டியாம்மா?"