சத்தம் போடட்டும், விடுங்க மாமா

மாமனார் மறுபடியும் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்துவிட்டார். திரை இருண்டு கிடந்ததைப் பார்த்ததும் மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை பெற்ற பிறகு அவளைத் தேடி வந்த முதல் வேலை, ஒரு விளம்பரப் படத்தின் எடிட்டிங். வெட்டி ஒட்டி எல்லாம் முடித்தாயிற்று. கம்ப்யூட்டர் அதை ஒரே ஃபைலாகக் கோத்துத் தர வேண்டியதுதான் பாக்கி. சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

"ஏன் மாமா அணைச்சீங்க?"

"அந்தக் கத்து கத்துதேம்மா! சூடேறிப் போச்சு. கொஞ்சம் ஆறட்டுமேன்னுதான்."

மனுஷர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். எந்தச் சத்தம் கேட்டாலும் இன்ஜின் போய்விட்டது என்றுதான் அவருக்குத் தோன்றும். மிக்ஸி, வாஷிங் மெஷின் எதையும் விட்டுவைத்ததில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு உயிரை வாங்குகிறவரிடம் வாய்விட்டுக் கோபித்துக்கொள்ளக்கூட முடியாது, அதுதான் பெரிய கொடுமை.

"அது உள்ள இருக்கிற ஃபேன், மாமா. வேலை கூடினா சூடு கூடும், சூடு கூடினா ஃபேன் வேகமா சுத்தும். வேலை குறைஞ்சா தானா அடங்கிடும். அதோட சுபாவமே அதான்."

"அப்ப கெட்டுப்போகலையா?"

"மேட்டுல ஏறும்போது பஸ் உறுமுச்சுன்னு பாதியில ஆஃப் பண்ணி ஜனங்களை இறக்கிவிட்டீங்களா?"

கேட்ட பிறகுதான் தன் குரல் எவ்வளவு ஏறியிருந்தது என்று அவளுக்கே உறைத்தது. தொட்டிலில் குழந்தை வீரிட்டு அழுதது. "இனிமே அதைத் தொட்டீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று சொல்லிவிட்டு, வேலையை முதலிலிருந்து ஓடவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஃபேன் முதலில் முனகியது, பிறகு இரைய ஆரம்பித்தது. குழந்தைக்குப் பால் புகட்டும்போதும் அவள் காது அங்கேயே இருந்தது. இரைச்சல் இருக்கிறவரை கவலையில்லை. திடீரென்று அது அடங்கிப்போனது.

போச்சு! அடப்பாவி மனுஷா! குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றேதான் ஓடினாள்.

மாமனார் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார், இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கியபடி.

"நான் தொடலம்மா. சத்தியமா தொடல. அதுவா நின்னுடுச்சு."

திரையில் வேலை முடிந்தது என்று வந்திருந்தது. படம் முழுசாக இருந்தது.

"முடிஞ்சிடுச்சு மாமா. அதான் அடங்கிடுச்சு" என்றாள்.

அப்போதும் அவர் கைகளை இறக்கவில்லை. அவளே போய்ப் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது.