உருண்டு வந்த கறுப்புக் கற்கள்

குருமிசாவாவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆக வேண்டுமென்றால், அவருக்குக் கையெழுத்து அழகு. வட ஜப்பானின் அகிதா மலைக்குள் எங்கள் கம்பெனியின் தாது தேடும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். தோக்கியோவிலிருந்து வந்த நாள் முதல் ஒரே பாட்டு: உலோகம் பூமியின் வயிற்றிலிருந்து விரிசல் வழியே ஏறி வருகிறது, ஆகவே மேலே கிடைத்தால் நேர் கீழே இன்னும் கிடைக்கும். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அந்த வருஷம் தாது தேடிப் பூமிக்குள் போட்ட ஒரு துளையில், சேற்றுப்பாறைக்கு நடுவே கறுப்புத் தாதுத் துண்டுகள் வந்தன. அன்றே தோக்கியோவுக்குத் தந்தி பறந்தது. தாதுவின் வேரைப் பிடிக்கிறேன் என்று கோடை முழுக்க அதே இடத்தைச் சுற்றி ஆழமாகத் துளைகள் போட்டார். அடியில் தாதுவே இல்லாத வெள்ளைப் பாறைதான் வந்தது. பனி விழுமுன் இன்னும் ஒரே ஒரு துளை, அதுவும் பொய்த்தால் இழுத்து மூடுங்கள் என்று தோக்கியோ சொல்லிவிட்டது. பழைய சுரங்கம் வற்றிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் வரிசை வீடுகளில் இருந்த அத்தனை குடும்பங்களின் சோறும் அந்தத் துளையில்தான் இருந்தது. என் வீட்டுச் சோறும்தான்.

நானும் பாறை படித்தவன். அந்தத் துண்டுகளை அறுத்துப் பார்த்தேன். ஒன்றில் படிவுக்கோடுகள் படுத்திருந்தன, ஒன்றில் நின்றன, ஒன்றில் தலைகீழாக இருந்தன. இருந்த இடத்திலேயே வளர்ந்த தாது இப்படிப் புரண்டு கிடக்காது. இந்த மலை ஒரு காலத்தில் கடலடி. கடல்நீர் விரிசலில் இறங்கி, எரிமலை வெப்பத்தில் சூடேறி, பாறையிலுள்ள செம்பையும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு பீறிட்டு வரும். குளிர்ந்த நீரைத் தொட்டதும் எல்லாம் கந்தகத்தோடு கூடிப் படியும். அடியில் செம்பின் மஞ்சள், மேலே ஈயமும் துத்தநாகமும் கலந்த கறுப்பு. குவியல் ஏறினால் சரியும். சரிந்த துண்டுகள் சரிவில் உருண்டுபோய்ச் சேற்றில் புதையும். எங்களுக்குக் கிடைத்தது அப்படி உருண்டு வந்ததுதான். மேற்கே போட்ட துளைகளில் கடுகளவு, கிழக்கே வர வர முஷ்டியளவு. தாய்க்குவியல் இன்னும் கிழக்கே இருந்தது. வண்டியிலிருந்து உருளைக்கிழங்கு சிந்தியதைப் பார்த்த குழந்தைக்குக்கூட இது புரியும்.

கடைசித் துளைக்கு முன் வெந்நீரூற்று விடுதியில் விருந்து. தோக்கியோ இயக்குநரும் வந்திருந்தார். குருமிசாவா சாக்கே மதுக் கிண்ணத்தைத் தூக்கி, இன்று பெரியவன் சின்னவன் கிடையாது, மனதில் உள்ளதைப் பேசலாம் என்று அறிவித்தார். எல்லா மேலதிகாரியும் சொல்வதுதான். மேலதிகாரியின் வழுக்கையைக் கிண்டல் செய்ய அது அனுமதி, அவ்வளவே. இந்த நாட்டில் பிறந்த எவனும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டான். நான் எடுத்துக்கொண்டேன்.

தட்டைச் சாய்த்து முள்ளங்கி ஊறுகாயை மறுமுனைக்கு உருட்டிக் காட்டினேன்.

"ஐயா கோடை பூரா தோண்டினது இதைத்தான். சிந்தின ஊறுகாய்க்குக் கீழ ஜாடியைத் தேடுறாரு. ஜாடி கிழக்க இருக்கு."

துளைபோடும் மேஸ்திரி மியோஷிகூடச் சிரித்துவிட்டான். இயக்குநரும் சிரித்தார். குருமிசாவாவும் சிரித்து, என் கிண்ணத்தை அவர் கையாலேயே நிரப்பினார்.

கடைசித் துளை மேற்கே விழுந்தது. எள்ளளவு துணுக்குகள் வந்தன. தாது தொடர்கிறது என்று அழகான கையெழுத்தில் அறிக்கை அனுப்பினார். தோக்கியோ அவ்வளவு முட்டாள் இல்லை. முதல் பனியோடு முகாமை மூடினார்கள். மறு வருஷம் வேறொரு கம்பெனி கிழக்கே துளைத்து, வீட்டுயரத்துக்குக் கறுப்புத் தாதுவைக் கண்டது. அவர்கள் தங்கள் ஆட்களையே கொண்டுவந்தார்கள். எங்கள் வரிசை வீடுகள் காலியாகவே கிடந்தன. நான் ஓதாதே நகருக்கு உழவுக் கருவி விற்கப் போனேன்.

அங்கே ரயில் மேடையில் ஒருநாள் குருமிசாவா நின்றிருந்தார். அவர் மூஞ்சி சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்றே கிட்டப் போனேன்.

"கிழக்கே கிடைச்சுதாமே ஐயா, கேள்விப்பட்டீங்களா?"

"கிடைக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். "விருந்துக்கு முந்தின நாளே, கடைசித் துளைக்கு அடையாளமா அங்கதான் ஆப்பு அடிக்கச் சொல்லியிருந்தேன். என் யோசனைன்னு பேராயிருக்கும். நீ இயக்குநர் முன்னால வாயைத் திறந்தப்புறம் நான் எந்த மூஞ்சியோட அங்க துளை போட?"

"பொய்."

"மியோஷியைக் கேளு. ஆப்பைப் பிடுங்கினவன் அவன்தான்."

தன் மூக்கு அறுபட்டதற்காக ஒரு பள்ளத்தாக்கையே பட்டினி போட்ட மனிதன். அவர்மேல் எனக்கிருந்த அருவருப்பு அன்று இரண்டு மடங்கானது. பொய்யாகவும் இருக்கலாம், சொல்லக்கூடிய ஆள்தான்.

மியோஷி எங்கள் தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். தினமும் வணக்கம் சொல்கிறான். நான் இன்னும் கேட்கவில்லை.