வாசலில் இருந்த ஹாரன்

முதலில் கழற்றியது குளியலறைக் கண்ணாடியையா, சமையலறை முக்காலியையா என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. முக்காலிதான் என்கிறாள் என் மனைவி. அவள் அதன்மேல் உட்கார்ந்திருக்கும்போதே வந்து கேட்டோமாம். என் ஞாபகத்தை நம்பி நானே எதையும் சொல்வதில்லை. ஆனால் ஹாரனைக் கடைசியாகத்தான் கழற்றினோம் என்பதில் சந்தேகமில்லை. வினையே அதில்தான் வந்தது.

என் மாமனாரின் மோட்டார் சைக்கிள் ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் வீணாக்க மனம் வராது. பின்புறத்தில் நின்றபடியே அந்த வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. அதன் கண்ணாடியைப் பார்த்துத்தான் நானும் அவரும் சவரம் செய்துகொண்டோம். சீட்டுக்கு மூன்று கால் வைத்து முக்காலி ஆக்கியிருந்தார். கிளட்ச் கேபிளில் துண்டு காய்ந்தது. ஹாரன்தான் வாசல் மணி. யாராவது பொத்தானை அழுத்தினால் கூடத்துக்குள் லாரி புகுந்த மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் குறைந்துபோனதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

நான் அப்போது இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் தகடு தட்டிக்கொண்டிருந்தேன். இடது காது பாதி போயிருந்தது. பேசாமல் உட்கார்ந்திருப்பதை விரும்புகிறவனுக்குப் பகலில் சுத்தியல், வீட்டுக்கு வந்தால் ஹாரன். மிச்சமிருக்கும் காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று வேறு வேலை தேடினேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களைச் சரிபார்க்க ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். நேர்காணலில் நான் அதிகம் பேசவில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, சொந்த வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். அடுத்த வாரம் ஏதாவது ஒரு சாயங்காலம் அவர்கள் ஆள் வந்து பார்ப்பார்.

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"வண்டி எங்க போச்சு மாப்ள, எல்லாம் இங்கதான இருக்கு" என்று வீட்டைச் சுற்றிக் கை காட்டினார்.

முக்காலியை எடுத்தபோது என் மனைவி சண்டை போடவில்லை. "எடுத்துக்குங்க. நான் நின்னுக்கிட்டே சமைக்கிறேன், நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடுங்க" என்றாள். கண்ணாடி போனதும் நாங்கள் தடவிப் பார்த்து சவரம் செய்தோம். மாமாவின் மீசை ஒரு பக்கம் சிறுத்தது. கார்புரேட்டரைக் கழுவினோம், பிரேக் கட்டைகளை மாற்றினோம், கால் மரத்துப்போகும்வரை உதைத்தோம். கடைசியில் பேட்டரியையும் ஹாரனையும் வாசலிலிருந்து கழற்றி மாட்டிய பிறகு வண்டி உறுமியது. மாமா ஏறி உட்கார்ந்தார், ஆனால் நகரவில்லை. பின்னாலிருந்து யாராவது "போலாம்" என்று சொல்லாமல் அவரால் எந்த வண்டியையும் எடுக்க முடியாதாம். அத்தனை வருடப் பழக்கம்.

அந்த வாரம் முழுக்க வீடு அமைதியாக இருந்தது. வாழ்க்கை தேறிவருகிறது என்று நினைத்தேன். சாயங்காலமானால் வண்டியைத் துடைத்துவிட்டுப் பின்புறம் உட்கார்ந்து காத்திருந்தோம். கம்பெனி ஆள் வரவில்லை. வாரத்தின் கடைசி நாள், குப்பை கொட்டப் போன என் மனைவி வேகமாகத் திரும்பி வந்தாள்.

"வாசல்ல யாரோ பை மாட்டிக்கிட்டு நின்னு பொத்தான அழுத்திட்டுப் போறாரு. நேத்தும் வந்து அழுத்திட்டு நின்னாராம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

மூன்று பேரும் வண்டியில் இருந்த ஹாரனைப் பார்த்தோம். நீண்ட மௌனங்கள் எனக்குப் பிடிக்கும். அது ஒன்று மட்டும் பிடிக்கவில்லை.

மாமா வண்டியை உதைத்தார். நான் பின்னால் தாவி ஏறினேன். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அந்த ஆளோ தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஏறுனா சொல்ல வேண்டாமா மாப்ள?"

"போலாம் மாமா!" அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் பேசியதில்லை.

திருப்பத்தைத் தாண்டியதும் அந்த ஆளின் முதுகு தெரிந்தது. மாமா பஸ்ஸுக்கு அடிப்பதுபோல் ஹாரனை அழுத்திப் பிடித்தார். அந்த மனிதர் பக்கத்திலிருந்த மதில்மேல் ஏறிவிட்டார். வீட்டில் என் மனைவி எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்தாளாம்.

விஷயம் புரிந்து கீழே இறங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ரெண்டு நாளா வரேன் சார். உங்க வீட்டு மணி வேலை செய்யல."

"செய்யுதே" என்று மாமா இன்னொரு முறை அழுத்திக் காட்டினார்.

கம்பெனி ஆள் காதைப் பொத்திக்கொண்டே வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். "போதும் சார், ஓடுது. திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்குங்க" என்றார்.

சேர்ந்தேன். இன்னமும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். காது தேறவில்லை, மோசமாகவும் ஆகவில்லை. அந்த மனிதர் இப்போது என் மேலதிகாரி. வீட்டுக்கு வந்தால் தெருவிலேயே நின்று கைதட்டுவார். மாமா சில நாள் என் பின்னால் உட்கார்ந்து வருகிறார், "போலாம்" சொல்லும் முறை இப்போது அவருடையது. மனைவிக்குப் புது முக்காலி வாங்கினோம். அதில் நான்தான் உட்காருகிறேன், அவள் நின்றே பழகிவிட்டாள். வாசல் பொத்தான் அப்படியே இருக்கிறது. வருகிறவர்கள் அழுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.