தொழுவத்தின் பின்வாசல்

தொழுவத்தின் பின்வாசலை அடைத்துக் கடைசி வரிசைக் கல்லை வைக்கப்போகும்போது ஃபெலிஸ்மினா உள்ளே வந்து நின்றாள். அவள் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் செரேஜா, சிவந்த தோலும் அகன்ற கொம்புமாக எங்கள் போர்த்துகீசிய மலைக்கே உரிய பசு. நான் கரணையைக் கீழே வைத்தேன். அவள் கல்லைப் பார்த்தாள், கலவையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் யாருப்பா பூசுவா, அதெலினு?"

"நான்தான்க்கா. சுத்திப் போய்ப் பூசணும்."

"அப்ப உனக்கும் சுத்துவழிதானா? நல்லது. தனியா நடக்க எனக்கும் போரடிக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பசுவைத் திருப்பி, முற்றத்தைக் கடந்து, மலையைச் சுற்றிக்கொண்டு போகும் கற்பாதையில் ஏறினாள். பின்வாசல் வழியாகப் போனால் அவளுடைய புல்வெளி நூறடி. சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம்.

அந்தப் பண்ணை இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்தது. யோஸ்டும் அவர் மனைவி ஹன்னெகாவும் ஹாலந்திலிருந்து வந்து அதை வாங்கியபோது பாதிக் கூரைக்குள் அத்திமரம் முளைத்திருந்தது. யோஸ்ட் கப்பல்களுக்கு வரைபடம் போட்டவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே ஏழு குளிர்காலம் உட்கார்ந்து இந்தப் பண்ணையை வரைந்து வைத்திருந்தார். பெரிய வீடு அவர்களுக்கு. வைக்கோல் கொட்டடி ஹன்னெகாவின் தங்கை குடும்பத்துக்கு. தொழுவம், விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்க ஒரே பெரிய அறை. கட்டிலில் படுத்தபடியே பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறி வருவதைப் பார்க்கலாம். காகிதத்தில் அந்த மூடுபனியைக்கூடப் பென்சிலால் இழைத்திருந்தார். கட்டிலின் தலைமாடு வருகிற இடத்தில்தான் பின்வாசல் இருந்தது.

பழைய பத்திரத்தில் அந்த வாசல் வழியாக 'ஆளும் மாடும் போய்வர' உரிமை எழுதியிருந்தது. ஆனால் புல்வெளி ஃபெலிஸ்மினாவின் புருஷன் அபீலியு பெயரில். அவர் பதினோரு வருடமாக சுவிட்சர்லாந்தில் யார் யாருக்கோ வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்; முதலில் எல்லா ஆகஸ்டிலும் வந்தார், பிறகு ஒன்று விட்டு ஒன்று. யோஸ்டின் வக்கீல் அவருக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபெலிஸ்மினாவுக்கு அது தெரியவந்ததே, சுவருக்கு மூலைமட்டம் பிடிக்கும்போது நான் சொல்லித்தான்.

மறுநாள் காலை தொழுவத்துக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். செரேஜா கயிற்றை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தது, தொழுவத்துக்குள் போனது, புதுச் சுவருக்கு நேரே நின்றது. கத்தவில்லை, முட்டவில்லை. ஈரக் கலவைக்கு ஒரு சாண் தள்ளி மூக்கை வைத்துக்கொண்டு, யாரோ உள்ளேயிருந்து வந்து தாழ் திறப்பார்கள் என்பதுபோல நின்றது. பின்னாலேயே வந்த ஃபெலிஸ்மினா அதை அடிக்கவில்லை. அண்ணாந்து என்னிடம் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டது இவ இல்லையே. புரிய நாளாகும்."

நாளாயிற்று. ஒன்பது காலை அப்படியே நடந்தது. ஓடு நீக்கிய இடைவெளியில் பார்த்தால் பசுவின் முதுகிலிருந்து ஆவி எழும்பும். அவள் சால்வையைப் போர்த்தியபடி பக்கத்தில் காத்திருப்பாள். சமையலறை ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு ஹன்னெகாவின் முகம் தெரியும். மூன்று பேரும் ஒரே கனவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஓட்டைத் தட்டக்கூட எனக்குக் கை வராது.

பத்தாம் நாள் ஹன்னெகா இறங்கி வந்தாள். பசுவுக்குப் பக்கத்தில் நின்று சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். அவள் பேசும் போர்த்துகீசிய மொழி அரைகுறைதான், ஆனால் அன்று ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

"இதைத் திறந்துடுங்க."

"ஐயாவுக்குத் தெரியுமா, அம்மா?"

"அவர் இருக்கும்போதுதான் திறக்கணும். கூப்பிடுறேன்."

அவர்கள் மொழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் யோஸ்டின் குரல் உயர்ந்தது. வரைபடத்தைச் சுருட்டி மேஜையில் அடித்தார். "ஜூன்ல ஆள் வர்றாங்க! அந்த அறைதான் எல்லாமே!" என்று என் பக்கம் திரும்பி, என் மொழியில் கத்தினார், நான்தான் நியாயம் சொல்ல வேண்டியவன் மாதிரி. சாயங்காலம் வரை அவர் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஏழு வருடம் ஒருவர் மனசுக்குள் படுத்துறங்கிய அறை அது. கரைய நேரம் வேண்டாமா?

மறுநாள் காலை செரேஜா சுவருக்கு முன் நின்றபோது அவர் அளவுநாடாவோடு வந்தார். ஃபெலிஸ்மினாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும்மா. இவ வயித்து அகலம் எவ்வளவு?"

"சினையா இருக்கும்போதா, இல்லாதப்பவா?"

அவர் யோசித்தார். "சினையா இருக்கும்போது."

நாடாவின் ஒரு முனையை நான் பிடித்தேன். கப்பலை அளந்த மனிதர் பசுவைக் குனிந்து, கண்ணைச் சுருக்கி, இரண்டு முறை அளந்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதினார். பெரிய அறை போயிற்று. நடுவில் ஒரு நடை, இரு பக்கமும் கட்டில் போட்டால் இடித்துக்கொள்கிற இரண்டு சிற்றறைகள். நான் வைத்த கல்லை நானே எடுத்தேன். வாசலுக்குள் வெளிச்சம் வந்து விழுந்தபோது தரையின் பழைய தேய்மானம் குளத்துநீர் மாதிரி மின்னியது.

ஆனால் ஃபெலிஸ்மினா வரவில்லை. நான்கு நாள் விடியுமுன்பே கிளம்பிச் சுற்றுவழியிலேயே போனாள். ஐந்தாம் நாள் ஹன்னெகா சாலையோரம் காத்திருந்து அவளைப் பிடித்தாள். நானும் மணல் வண்டியோடு அங்கே நின்றேன்.

"திறந்தா எனக்கு உரிமை வந்துடுமா?" என்றாள் ஃபெலிஸ்மினா. "அவர் எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். நாளைக்கு நீங்க வித்துட்டுப் போனா, அடுத்தவன் மூடுவான். மறுபடி இவளைச் சுத்துவழிக்கு நான் பழக்கணும்."

"மூடலாம்," என்றாள் ஹன்னெகா. பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இன்னிக்குத் திறந்திருக்கு."

ஃபெலிஸ்மினா பசுவை முற்றத்துப் பக்கம் திருப்பினாள். பிறகு கயிற்றைத் தளர்த்தினாள். செரேஜா முற்றத்தைக் கடந்து நடைக்குள் நுழைந்தது. இரு பக்கமும் நாலு விரல் இடம் மிச்சம். அதற்குள் நான் எழுப்பியிருந்த, பூச்சுக் காயாத சுவர்களுக்கு நடுவே அதன் குளம்போசை மட்டும் போய்க்கொண்டிருந்தது. வாசல்படியில் ஃபெலிஸ்மினா நின்று ஹன்னெகாவிடம் திரும்பினாள்.

"அந்தப் பக்கம் நீ வந்ததே இல்லையே. வர்றியா?"

ஹன்னெகா வீட்டுச் செருப்போடு போனாள். அங்கே மூடுபனி, வாசலருகே இடுப்பளவு, போகப்போக ஆளுயரம். பசு முதலில் மறைந்தது, பிறகு சால்வை. நான் வாசலில் நின்று பார்த்தேன்: புல்வெளி எங்கே முடிகிறது என்று தெரியாத அந்த வெள்ளையில், ஹன்னெகா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.