நங்கூரம் எட்டாத ஆழம்

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரை அடைத்துக்கொண்டிருந்த சாயங்காலம் ஜெபகுமாருக்கு அந்த போன் வந்தது. ஆறாவது மாடி பால்கனியில் நின்றிருந்தான். நம்பரைப் பார்த்ததுமே கப்பலிலிருந்து என்று தெரிந்துவிட்டது.

எண்ணெய்க்காக நடுக்கடலில் கிணறு தோண்டும் கப்பல் அது. அங்கே நங்கூரம் எட்டாது. அடிவயிற்றில் சுழலும் ராட்சத விசிறிகளும் ஒரு கம்ப்யூட்டரும்தான் அதைக் கிணற்றுக்கு நேர் மேலே பிடித்துவைத்திருக்கும். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது ஜெபகுமாரின் வேலை. லீவுக்கு வருமுன், காற்றே இல்லாத ஒரு நாள், கப்பல் தானாக நகர்ந்து தானாகவே திரும்பி வந்தது. சென்சார் கோளாறு என்று கேப்டன் முடித்துவிட்டார். இவன் விடாமல் கம்பெனிக்கு மெயில் போட்டான். பதில் வரவில்லை.

இப்போது அவன் இடத்தில் உட்கார்ந்திருந்த ரவி பேசினான். "அண்ணா, மறுபடியும் நகருது. இந்த வாட்டி திரும்பல."

கேப்டன் பொறுக்கச் சொல்கிறாராம். கப்பல் நகர்ந்தால் அதிலிருந்து கடலடிக் கிணறு வரை போகும் குழாய் சாயும், ஓரளவுதான் தாங்கும். அதற்கு மேல் சாய்ந்து முறிந்தால் கிணறு திறந்து வாயு பீறிடும். கப்பலில் நூற்றுக்கும் மேல் ஆட்கள். ரவியின் மேசையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அது குழாயை வெட்டி, கிணற்று வாயை மூடி, கப்பலை விடுவித்துவிடும். பல மாத வேலை வீணாகும்.

"யாரையும் கேக்காத ரவி. அமுக்கு."

போனில் அலாரம் கேட்டது. லைன் அறுந்தது.

திரும்பத் திரும்ப அடித்தான், கிடைக்கவில்லை. மனைவி ஜீவிதா பக்கத்தில் வந்து நின்றாள். இருட்டிய பிறகுதான் மெசேஜ் வந்தது: கழண்டுடுச்சு, எல்லாரும் நல்லா இருக்கோம். அவள் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தான்.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன். திட்டுவார்கள் என்று நினைத்தான். குரல் தணிவாகவே இருந்தது. ரவியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். கப்பல் அதே கிணற்றுக்குத் திரும்புகிறது, லீவை முடித்துக்கொண்டு உடனே வரவேண்டும் என்றார்கள். என்ன கோளாறு என்று கேட்டான்.

"முழுசா செக் பண்ணிட்டோம் சார். ஒரு கோளாறும் இல்ல."

போக வேண்டாம் என்றாள் ஜீவிதா. தான் போகாவிட்டால் கேப்டன் சொல்வதைக் கேட்டுக் கைகட்டி உட்காரும் ஒருவன் அந்த நாற்காலிக்கு வந்துவிடுவான் என்றான் அவன். அவள் அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தபோது, கப்பல் முதல்முறை நகர்ந்த அன்றைக்குப் போலவே காற்றில்லை, கடல் அலையில்லாமல் கிடந்தது. கப்பல் இம்மியும் அசையாமல் நின்றது. ஹெலிகாப்டர் கப்பல்மேல் வந்து நின்று, மற்றவர்கள் இறங்கிப் போன பிறகும் ஜெபகுமார் பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.